பொத்தைமேல் மூன்று நிமிடம்

நிலா எனக்குத் தெரியும். நிலா வெளிச்சம் தெரியாது. இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் நாற்பது வயது தாண்டும்வரை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. பொழுது அடைந்து அரைமணி நேரம் ஆகிவிட்டால் என் கண்ணுக்கு விளக்குகள் மட்டும்தான் உண்டு. தெருவிளக்கு தெரியும், அதற்கு நேர்கீழே நிற்கிறவர் தெரிவார், நாலடி தள்ளி நிற்கிறவர் கிடையாது. பஸ்ஸின் முகப்பு விளக்குகள் தெரியும், பஸ் தெரியாது. சைக்கிளில் வருகிறவன் மணி அடிக்காவிட்டால் அவன் பாடு, என் பாடு.

ஆனாலும் தென்காசியின் இரவை என்னைவிட நிதானமாகப் பார்த்தவர் இந்த ஊரில் இல்லை என்று யாரிடமும் சண்டை பிடிப்பேன். நான் அதைக் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தேன். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஷட்டரை அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று திறந்து வைத்தால், கிடைக்கிற துளித்துளி வெளிச்சத்தையெல்லாம் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். மூடியதும் ஊர் முழுவதும் திரையில் வந்துவிடும். கோயில் கோபுரம், அதைச் சுற்றி மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், எடுக்க மறந்த துணியோடு ஒரு கொடி, பஸ் ஸ்டாண்டின் உயர விளக்கு, செல்போன் டவர்கள், குற்றாலம் ரோட்டில் கார்கள் போன தடத்தில் சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும். அதற்குப் பின்னால் மலை, மடிப்பு மடிப்பாக, மேலே மேகத்தோடு. நான் வெறும் புள்ளிகளாகப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இவ்வளவும் இருந்திருக்கிறது.

முதலில் செல்போனில்தான் ஆரம்பித்தது. ராத்திரிப் படம் எடுக்கிற வசதி வந்த போன் ஒன்றை வாங்கியிருந்தேன். மொட்டை மாடியில் நின்று சும்மா ஒரு படம் எடுத்தால், எதிர்வீட்டு மாடியில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு எதிர்வீடே இல்லை. அன்று ராத்திரி அந்தப் பூனையை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அடுத்த மாதமே, கல்யாணவீடுகளுக்குப் படம் எடுக்கிற ஒருவரிடம் பழைய கேமராவும் ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன்.

எடுத்த படத்தை மனைவியிடம் காட்டி, "ஏட்டி, ராத்திரி இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. இது பகல் மாதிரில்லா இருக்கு. எங்களுக்கும் இம்புட்டு தெரியாது."

எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அற்பம் என்று தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன்.

அவள் மாமா என்று கூப்பிடுவது வழக்கத்துக்காக இல்லை. நான் அவளுக்கு நிஜமாகவே தாய்மாமன். என் அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு விசேஷமும் இல்லை, உரிமை என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அது உரிமைக்காக நடந்த கல்யாணம் இல்லை. எனக்கு ஏழெட்டு வயதில் மாலைக்கண் என்று சொன்னார்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் மாத்திரை என்று ஒன்று பாக்கி இல்லை. ஈரல் வேகிற வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். கண் தெளியவில்லை. தெளியவில்லை என்று ஆனதும் வீட்டில் எடுத்த முடிவு, வெளியே மூச்சு விடக் கூடாது என்பது. கண்ணு தெரியாதவன் என்று பேர் வந்துவிட்டால் ஒரு பயலும் பெண் தரமாட்டான் என்பது அம்மாவின் பயம்.

அப்படியே மறைத்து வளர்ந்தேன். மறைப்பது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை, கொஞ்சம் முசுடாக இருந்தால் போதும். ராத்திரி சினிமாவுக்குக் கூப்பிட்டால் பிடிக்காது என்றேன். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் சத்தம் ஆகாது என்றேன். முசுடு, முசுடு என்று பேர் வாங்கி, கடைசியில் நிஜமாகவே முசுடாகிவிட்டேன். பெண் பார்க்கத் தொடங்கியபோது புளியங்குடியிலிருந்து ஒரு இடம் கூடிவந்தது. அவர்கள் ஒருநாள் சாயங்காலமாக வந்துவிட்டார்கள். வழியனுப்ப வாசலுக்கு வந்த நான், அவர்கள் நிறுத்தியிருந்த பைக்கிலேயே முட்டி, பைக்கோடு சரிந்தேன். மாப்பிள்ளை குடிப்பாரோ என்று அவர்கள் தரகரிடம் கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மா யோசித்தாள். குடிகாரன் என்றால்கூடப் பெண் கிடைக்கும் அல்லவா.

அப்போது அக்கா சொன்னாள்: "ஏலே, எம்மக இருக்கா. வெளிய போயி எதுக்கு வம்பு? நமக்குள்ள முடிச்சிட்டா கேக்க ஆளில்ல."

கேட்க ஆளில்லைதான். அவளுக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம். மாமா பொழுதடைந்தால் வெளியே வரமாட்டார் என்பதைப் பாவாடை கட்டின நாளிலிருந்து அவள் பார்த்தவள். அவளிடம் நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியில் கொஞ்சகாலம் நான் ரொம்ப நன்றாக இருந்தேன்.

மகள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து ராத்திரி தெருவோரச் சாக்கடை வாறுகாலில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டேன். கட்டுப்போட்ட டாக்டர்தான் என்னைத் திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரிடம் அனுப்பினார். அவர் இருட்டறையில் என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டு, இது ஈரல் தின்று சரியாகிற மாலைக்கண் இல்லை, விழித்திரையில் உள்ள கோளாறு, பிறவியிலேயே வருவது, இப்போதைக்கு மருந்து இல்லை, வயது ஏற ஏறப் பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும் என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார், "சொந்தத்துலயா கல்யாணம்?"

"அக்கா மக."

வெளியில் முடித்திருந்தால் பிள்ளைக்கு வருவது அபூர்வம், இப்போது வரவும் செய்யலாம், வராமலும் இருக்கலாம் என்றார். நாலைந்து வயது ஆனதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

என் குறையை மறைக்கத்தான் எங்களுக்குள்ளே முடித்தோம். எங்களுக்குள்ளே முடித்ததால்தான் அது பிள்ளைக்கும் வரலாம் என்று ஆயிற்று. இதை நினைத்தால் சில நாட்களில் யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும்போல இருக்கும். யாரை அடிக்க? எல்லோரும் நல்லதுக்கென்றுதான் செய்தார்கள், நானும் சேர்த்து.

மகளுக்கு நாலு வயது ஆனது, கூட்டிப்போகவில்லை. ஐந்து ஆனது, ஆறு ஆனது. பள்ளிக்கூடம், மழை, அலுவலகத்தில் ஆள் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. பயம் என்று மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிருந்தது. நான் மகளிடம் அடுக்களைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். எங்கும் முட்டாமல் போய், சிந்தாமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனைவி இருட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

எங்கள் வீட்டுக்குள் நானும்தான் இருட்டில் சிந்தாமல் தண்ணீர் கொண்டுவருவேன். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று இருந்தேனோ என்னவோ.

கேமரா வாங்கியபின் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கியதுபோல இருந்தது. சனி, ஞாயிறு ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு இடத்துக்குப் போய் ஸ்டாண்டைப் போட்டு, ஃபோகஸ் பார்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். இருட்டியதும் வேலை கேமராவுடையது. முடிந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். ஒரு சீசனில் குற்றாலம் மெயினருவியை எடுத்தோம். ஃபோகஸ் விளக்குகள் போட்டு, சாரல் அடித்து, ஆயிரம் பேர் கத்திக்கொண்டு குளிக்கிற நேரம். சாரல் லென்ஸில் விழ விழ மனைவி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தால், படத்தில் அருவி மட்டும் இருக்கிறது, ஆள் ஒருவர் இல்லை. அசைகிற ஆட்கள் அந்தப் படத்தில் தங்கமாட்டார்கள். காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரர் மட்டும் விறைப்பாகப் படத்தில் விழுந்திருந்தார்.

"பாருங்க, டூட்டி ஒழுங்கா பாத்த ஆளு அவர் ஒருத்தர்தான்" என்றாள் மனைவி.

நின்றால்தான் விழும், நடந்தால் மறைந்துவிடும். நீண்ட எக்ஸ்போஷரின் சட்டம் அவ்வளவுதான். அதனால் குறுக்கே யார் போனாலும் எனக்குக் கவலை இல்லை. நிற்காமல் போனால் போதும்.

எனக்கு வேலை வீரகேரளம்புதூரில் ஓர் அலுவலகத்தில். அங்கே என்னைவிட மூத்தவர் ஒருவர் உண்டு, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பத்து வருஷமாக ஒருநாள் விடாமல் ஐந்து மணிக்கு என் மேசைப் பக்கம் வந்து, "என்னவே, பொழுதடையப் போவுது, கோழி இன்னும் கூட்டுக்குக் கெளம்பலையா?" என்பார். ஆபீஸே சிரிக்கும். பெண்டாட்டி சேலைக்குள் ஒளிந்துகொள்ள ஓடுகிறவன் என்று அவருக்கு நினைப்பு. நான் ஒருநாளும் மறுக்கவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

அந்தப் பொத்தையைச் சொன்னவரும் அவர்தான். தென்காசிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் ஒரு கல் குன்று. ஏற இருபது நிமிடம் ஆகும். படி கிடையாது, பாறையில் வெட்டிய தடம்தான், ஒரு பக்கம் செங்குத்து. அடிவாரத்தில் சாஸ்தா கோயில். அண்ணாச்சி வீடு அதற்குப் பக்கத்து ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே பூஜை, கொட்டு, பொங்கல் எல்லாம் அவர் பொறுப்பு. "மேல ஏறி நின்னா மொத்த தென்காசியும் மலையும் தட்டுல வச்ச மாதிரி தெரியும்வே. நீரு படம் எடுக்கேன்னு சொல்லுதீரே, ஒருநா வாரும்" என்றார். பௌர்ணமி நிலா முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால், ஊர் விளக்குகளோடு மலையும் சேர்ந்து விழும். மழை முடிந்து வானம் தெளிவதற்காக மூன்று மாதம் காத்திருந்தேன்.

வானம் தெளிந்த அந்தப் பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பார்த்து மனைவிக்குக் காய்ச்சல்.

"அடுத்த மாசம் போவோம் மாமா" என்றாள்.

"அடுத்த மாசம் மேகம் போட்டா? நான் போயிட்டு வாரேன். பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். எறங்கும்போது அவ கையப் பிடிச்சுக்கிடுதேன்."

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள், "எனக்கு வீட்டுப்பாடம் இருக்குப்பா" என்றாள். வெளியே கூப்பிட்டால் செருப்பைத் தேடி ஓடுகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம் இருக்கிறது என்கிறாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். "அப்பாக்கு ஒரு ஒத்தாசைன்னா ஒடனே வீட்டுப்பாடம் வந்துருமே" என்று சத்தம் போட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

ஐந்தரைக்கு ஏறத் தொடங்கினோம். எனக்கு முன்னால் ஆட்டுக்குட்டி மாதிரி தாவித் தாவி ஏறினாள், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. உச்சியில் பாறை ஒரு களம் அளவுக்குத் தட்டையாக இருந்தது. ஸ்டாண்டை நிறுத்தி, நடுவில் கோபுரம், இடது ஓரம் குளம், பின்னால் மலை வரிசை என்று படத்துக்கு எல்லை பார்த்து வைத்தேன். சூரியன் குற்றால மலைக்குப் பின்னால் இறங்கிப் போனது. அவள் கொண்டுவந்த முறுக்கைத் தின்றபடி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கீழே கோயிலில் ஆட்கள் சேருகிற பேச்சுச் சத்தம் மேலே கேட்டது. என் கண்ணுக்குப் பாறை மங்கியது, பிறகு என் கால்கள் மறைந்தன, பிறகு எல்லாம். ஊர் விளக்குகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன.

நிலா நன்றாக மேலே ஏறட்டும் என்று ஏழே கால்வரை காத்திருந்தேன். அதற்குள் கோயிலில் கொட்டு தொடங்கிவிட்டது. காற்றும் எழும்பியிருந்தது.

"எங்கனட்டி இருக்க?"

"இங்கனதான்பா நிக்கேன்."

"படம் ஓடப்போவுது. முன்னால நிக்காத, எனக்குப் பின்னால வந்துரு. லைட்டு கிட்டு போட்டுராத, படம் வீணாப் போயிரும்."

"சரிப்பா."

கொட்டுச் சத்தத்திலும் காற்றிலும் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்திருப்பாள் என்று நினைத்து ஷட்டரைத் திறந்தேன். மூன்று நிமிடம். அவளிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். படம் நன்றாக வந்தால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நடுவீட்டில் மாட்டலாம் என்றேன். அம்மைக்கு வாங்கிக்கொண்டு போகப் புரோட்டாவா, இட்லியா என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூடியதும் திரையில் படம் வந்தது. இன்றுவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். கோபுரம் பொன்னிறமாக நின்றது. மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. குளத்தில் விளக்குகள் நீளமாக இறங்கியிருந்தன. முன்னால் பாறை, நிலா வெளிச்சத்தில் வெளேரென்று சுண்ணாம்பு அடித்த தரைபோல. அந்தப் பாறையில், வலது ஓரத்தில், எனக்குப் பத்தடி முன்னால், என் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

என் வாயில் முதலில் வந்தது வசவுதான்.

"ஏட்டி, ஒனக்கு எத்தன தடவ சொல்ல? பின்னால வான்னு சொன்னனா இல்லையா? மூணு நிமிசம் மரம் மாதிரி முன்னால நின்னுருக்க. படமே போச்சு. வா இங்கன."

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"சொல்லுதேன்லா."

"லைட்டு போடுங்கப்பா" என்றாள். குரல் முன்னாலிருந்துதான் வந்தது.

"லைட்டு எதுக்கு? நிலா வெளிச்சம் பட்டப்பகலா கெடக்கு, ஒனக்கு என்ன கேடு?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. எனக்குத் தெரியாத வெளிச்சத்தைக் காட்டி, பட்டப்பகலா கெடக்கு ஒனக்கு என்ன கேடு என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில், கோயில் திருவிழாவில், கல்யாணவீட்டுப் பந்தலுக்கு வெளியே. அப்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? நின்ற இடத்தில் நின்றேன். யாராவது விளக்கோடு வருகிறவரைக்கும் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல நின்றேன்.

திரையில் அவளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாவாடை ஓரம் காற்றில் அடித்துப் புகையாகக் கலைந்திருந்தது. தலைமுடியும் அப்படித்தான். கால்கள் மட்டும் இரண்டும் தெளிவாக விழுந்திருந்தன, கொலுசின் வளையங்களை எண்ணலாம். ஓர் இடத்தில் மூன்று நொடி நிற்காத பிள்ளை, மூன்று நிமிடம் கால் விரலைக்கூட அசைக்காமல் நின்றிருக்கிறாள். அவள் கால்களுக்கு முன்னால் இரண்டு சாண் இருக்கும், அதோடு பாறை முடிந்திருந்தது.

போன் விளக்கைப் போட்டு அவள் குரல் வந்த பக்கம் நீட்டினேன். "அந்தப் பக்கம் போகாத. திரும்பு. வெளிச்சத்தப் பாத்து வா. உக்காந்து வா, தவந்து வா." பாறையில் அவள் உள்ளங்கை தேய்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. கையை நீட்டிக்கொண்டே இருந்தேன், கடைசியில் அவள் தலை என் கையில் பட்டது.

இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னம்மா தெரியுது ஒனக்கு?"

"ஊர் லைட்டு தெரியுது."

"கீழ, பாறை?"

"ஒண்ணும் தெரியல."

டாக்டர் அதைக் காகிதத்தில் எழுதித் தந்தது பத்து நாள் கழித்து. எனக்கு எல்லாம் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

"எப்பமிருந்து இப்படி இருக்கு?"

"எப்பவும் இப்படித்தான்பா."

"அன்னைக்குக் கரண்ட் இல்லாதப்போ தண்ணி கொண்டாந்தியே."

"அடுக்களைக்குப் பதினோரு எட்டுப்பா. எண்ணிக்கிட்டே போவேன்."

எனக்குப் பதினொன்று என்று தெரியாது. என் எட்டுக்கு ஏழு.

"அம்மைட்ட சொல்லலாம்லா? எங்கிட்ட சொல்லலாம்லா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டிருப்பேன். எனக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

"நீங்களும் யார்ட்டயும் சொல்லலைல்லாப்பா. இத வெளிய சொல்லக் கூடாதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

நான் அழுதேன். அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் முகத்தைக்கூடத் துடைக்காமல் அழுதேன். கண்ணை மட்டும் கொடுத்திருந்தால் ரத்தம், விதி என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மறைப்பதையும் நானே அல்லவா அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். முதல் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளை சாயங்காலமானால் என்னென்ன காரணம் சொல்லியிருக்கும், யாரிடமெல்லாம் முசுடு என்று பேர் வாங்கியிருக்கும்.

இறங்க வேண்டும். போன் வெளிச்சத்தில் என் கண்ணுக்குத் தெரிவது ஒரு தட்டு அகலம். அவளுக்கும் அதற்கு மேல் தெரியாது. அந்தத் தடத்தில், செங்குத்துப் பக்கமாக, நானும் அவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்குவது என்பது நடக்கிற காரியம் இல்லை. மனைவியைக் கூப்பிட்டால் காய்ச்சலோடு கிளம்பிவிடுவாள். அக்காவைக் கூப்பிட்டால், அங்கனயே இருங்க, யார்ட்டயும் வாயைத் திறக்காதீங்க, ஆள் அனுப்புதேன் என்பாள். கீழே கோயிலில் அண்ணாச்சி இருக்கிறார். கேமரா கனம், கால் பிசகிவிட்டது என்று அவரிடம் ஒரு பொய் சொல்லலாம். பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், அதுபாட்டுக்கு வரும். மகள் என் மடியில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"என்னவே, மேலயா இருக்கீரு? கோழி கூட்டுக்குப் போகலையா இன்னைக்கு?" கொட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் மேல வரணும். எனக்கு ராத்திரி கண்ணு தெரியாது."

"என்னது? கேக்கல. சத்தமா சொல்லும்."

"எனக்கு ராத்திரி கண்ணு தெரியாது அண்ணாச்சி. சின்னதுலேருந்தே தெரியாது. எறங்க முடியல."

"சத்தமா சொல்லும்வே, கொட்டு அடிக்கானுவ."

நான் மூச்சை இழுத்து, அந்தப் பொத்தைக்கே கேட்கும்படி கத்தினேன். கொட்டு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மறுமுனையில் அண்ணாச்சியைச் சுற்றி நின்ற யாரோ, யாருக்குக் கண்ணு தெரியலையாம் என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. மகள் என் கையைப் பிடித்து, போனைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"எனக்கும் தெரியாது பெரியப்பா" என்றாள்.